செய்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர்: பொம்மைத் தர ஆணையைத் திருத்தும் பொறுப்பில் இருப்போருக்குச் செங்கோட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

போன கார்த்திகையில் புனலூர்க் கடைக்காரர் ஒருவர், நாங்கள் அனுப்பிய மூன்று சாக்குகளையும் கட்டுப் பிரிக்காமல், வந்த வேனிலேயே திருப்பி ஏற்றிவிட்டார். என் அப்பா காலத்திலிருந்து, இருபது வருடத்துக்கும் மேலாக, ஐயப்ப சீசனுக்கு எங்களிடம் சொப்புச் சாமான் எடுப்பவர். பாக்கி வைத்ததில்லை. உடைசல் என்று கணக்குக் காட்டி விலையைக் குறைத்ததும் இல்லை. அன்று ராத்திரி அவரே போனில் கூப்பிட்டார். "சாதனம் மோசம்னு ஞான் பறயலை மோளே. ஐஎஸ்ஐ இல்லாத களிப்பாட்டம் (பொம்மை) கடையில வெச்சா ரெண்டு லட்சம் ஃபைன்னு எல்லாரும் பறயுது. நான் என்ன செய்ய?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்று சாக்குச் சரக்கின் மொத்த விலை 14,000 ரூபாய்.

அவர் கேள்விப்பட்டது வெறும் பேச்சு இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-ஐ எடுத்து உட்கார்ந்து படித்தேன். கட்டாய முத்திரை வேண்டிய பொருளை முத்திரை இல்லாமல் செய்தாலும், விற்றாலும், விற்பதற்கென்று அடுக்கி வைத்திருந்தாலும் 29-ஆம் பிரிவு பாயும். இரண்டாண்டு வரை சிறை, அல்லது முதல் தடவைக்கு இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அடுத்த தடவைக்கு ஐந்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது. கப்பலில் கன்டெய்னர் கன்டெய்னராக இறக்குகிறவருக்கும் மூன்று சாக்கு வாங்கி வைக்கிறவருக்கும் தொடக்கம் அந்த இரண்டு லட்சம்தான். புனலூர்க்காரரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்?

எனக்குக் கடைசல் பிடிக்க, அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கடைய, தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், என் சிக்கல் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது. அப்பா அம்பாசமுத்திரத்தில் கடைசல் பழகியவர். கல்யாணத்துக்குப் பிறகு செங்கோட்டைக்கு வந்து, ஆச்சி வீட்டுக் கொல்லையில் பட்டறை போட்டார். இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. ஊர் வாசலில் இன்றைக்கும் சங்கு முத்திரை இருக்கிறது. புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று எங்கள் வியாபாரம் போவது அந்தக் காலத்துத் தடத்தில்தான். மரமும் அங்கிருந்தே வருகிறது. அப்பா தொழில் பழகிய நாளில் மஞ்சக்கடம்பு கிடைத்தது. இப்போது பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்துப் பலகையாக்கி அனுப்புகிறார்கள். கேரளத்தில் இருந்து மரமாக வருவது, குடமும் அம்மியும் ஆட்டுக்கல்லும் கிலுகிலுப்பையுமாகக் கேரளத்துக்கே திரும்பிப் போகும். மீதி குற்றாலத்தில், சாரல் மாதங்களில் விற்றுவிடும்.

அப்பா தவறிய பிறகு பட்டறையை நான் நடத்துகிறேன். கடைசல் பிடிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. இன்னொருவர் அப்பாவிடமே தொழில் கற்றவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். அரக்கு ஏற்றவும் மெருகு போடவும் சித்தியும் மயினியும் எதிர்வீட்டு அக்காவும் வருகிறார்கள். மரம் வாங்குவது, கூலி கொடுப்பது, வேன் பிடிப்பது, கடை கடையாக ஏறி இறங்குவது எல்லாம் நான். மாமாவிடமும் அண்ணனிடமும் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தின் பெஹ்சான் அட்டை, அதாவது கைவினைஞர் அடையாள அட்டை, இருக்கிறது. என்னிடம் இல்லை. உளி பிடிக்காத எனக்கு அது கேட்கவும் உரிமை இல்லை, அது நியாயம்தான். என்னிடம் இருப்பது நுண்தொழிலுக்கான உத்யம் பதிவு.

இனி உங்கள் ஆணைக்கு வருகிறேன். பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020 பிப்ரவரி 25 அன்று வந்தது. செப்டம்பரில் தொடங்க இருந்ததைத் தள்ளிவைத்து 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தினீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் எந்தப் பொருளானாலும் ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும் என்றது அது. நாடு முழுவதும் கைவினைக்காரர்கள் முறையிட்டதும், நடைமுறைக்கு வருமுன்பே ஒரு திருத்தம் செய்தீர்கள். பதிவு பெற்ற கைவினைஞர்கள் "தயாரித்து விற்கும்" பொருள்களுக்கு ஆணை பொருந்தாது. புவிசார் குறியீடு பெற்ற பொருளை அதற்கு உரிமை பெற்றவர்கள் தயாரித்து விற்றால் அதற்கும் பொருந்தாது. அந்தத் திருத்தத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டறையை அந்த வருடமே மூடியிருப்போம்.

ஆனால் "தயாரித்து விற்கும்" என்ற அந்த இரண்டு சொற்களில் நாங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறோம். மாமா கடைகிறார். நான் விற்கிறேன். புனலூர்க்காரர் என்னிடம் வாங்கி அவர் விற்கிறார். இதில் தயாரித்து விற்பவர் யார்? மாமாவே ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் துண்டு விரித்து விற்றால், கேள்வியே இல்லை, விலக்கு உண்டு. அதே கிலுகிலுப்பை அதே மாமாவின் கையிலிருந்து என் கைக்கு வந்து, ரசீது போட்டு, மலை தாண்டி ஒரு கடைக்குள் நுழைந்தால் விலக்கு இருக்கிறதா, போய்விடுகிறதா? ஒரு அலுவலகத்தில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை வராதும்மா, போய் வேலையைப் பாருங்க" என்றார்கள். அதை ஒரு தாளில் எழுதித் தாருங்கள், கடைக்காரர்களிடம் காட்டுகிறேன் என்றேன். தரவில்லை. வாய்ச்சொல்லை நம்பி இரண்டு லட்சத்தை எந்தக் கடைக்காரர் பணயம் வைப்பார்?

எந்தக் கைத்தொழிலிலும் செய்கிறவரே விற்பது அரிது. பகல் முழுதும் உளி பிடிக்கிறவருக்குப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் போய்க் கடைவாசலில் நிற்க எங்கே நேரம்? வீட்டில் ஒருவர் செய்ய, இன்னொருவர் சுமந்து போய் விற்பார். பெரும்பாலும் அந்த இன்னொருவர் பெண்ணாக இருப்பார். சுய உதவிக் குழு, கூட்டுறவுச் சங்கம், கண்காட்சிக் கடை எல்லாமே இந்த இரண்டாவது ஆளின் வேலையைத்தான் செய்கின்றன. உங்கள் திருத்தத்தில் இந்த இரண்டாவது ஆள் இல்லை.

புவிசார் குறியீடு இன்னும் குறுகலான வழி. சன்னபட்டணத்துக்கும் கொண்டப்பள்ளிக்கும் ஏடிகொப்பாகாவுக்கும் அது கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் குறியீடு ஊர்ப் பெயரோடு கட்டப்பட்டது. தொழில் தெரிந்தவர் கல்யாணமாகி வேறு தாலுகாவுக்குப் போனால் உளியும் அரக்கும் கூடப் போகும், குறியீடு போகாது. அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இவ்வளவு படித்ததும் உங்களுக்குத் தோன்றலாம், இவளும் சோதனையிலிருந்து தப்பிக்கத்தான் எழுதுகிறாள் என்று. அப்படி இல்லை. அதற்காகவே அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்குச் சுலபமாக இல்லை.

என் மகளுக்குப் பல் முளைக்கிற பருவத்தில், அப்பா அவளுக்கென்று ஒரு கிலுகிலுப்பை கடைந்து கொடுத்தார். மஞ்சளும் சிவப்பும் வரி வரியாக இருக்கும். நாள் முழுக்க அதைக் கடித்துக்கொண்டிருப்பாள். எச்சிலில் ஊறி மஞ்சள் வரி ஓரிடத்தில் மங்கிக்கூடப் போனது. இந்த ஆணை வந்த பிறகுதான், சோதனையில் எதைப் பார்க்கிறார்கள் என்று முதல்முதலாகத் தேடிப் படித்தேன். பொம்மைப் பாதுகாப்புக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 9873-இன் மூன்றாம் பகுதி எட்டுத் தனிமங்களைச் சொல்கிறது: ஆன்டிமனி, ஆர்சனிக், பேரியம், காட்மியம், குரோமியம், ஈயம், பாதரசம், செலினியம். ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 90 மில்லிகிராம். சந்தையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பளிச்சென்ற மஞ்சள் பொடிகளில் ஒன்றின் பெயர் குரோம் மஞ்சள். அது ஈயக் குரோமேட். அந்த எட்டில் இரண்டு ஒரே பொட்டலத்தில்.

எங்கள் அரக்கு வண்ணங்களை நிறத்துக்கு ஒன்றாகப் பிரித்து, கைக்காசு போட்டு ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மஞ்சள் தேறவில்லை. பச்சையும் தேறவில்லை, நாங்கள் பச்சையை நீலத்தோடு அந்த மஞ்சளைக் கலந்துதான் செய்துகொண்டிருந்தோம். முடிவு வந்த அன்று அம்மாவிடம்கூடச் சொல்லாமல் மகளை அழைத்துக்கொண்டு தென்காசிக்குப் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நல்லவேளை, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். பட்டறையில் மஞ்சள், பச்சை பூசியிருந்த எல்லாவற்றையும் ஒதுக்கினோம். மாமா எதுவும் பேசாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கடைசலில் ஏற்றி, வண்ணம் போக மேல்தோலைச் சீவினார். அந்தத் தூளை மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூட்டி அள்ளித் தனியாக மூட்டை கட்டினோம். ஏற்கெனவே விற்றுப்போனதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? அந்த நினைப்பு எனக்கு இப்போதும் நெஞ்சில் இருக்கிறது.

அப்பா தெரிந்து செய்யவில்லை. பொடி விற்ற கடைக்காரருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கும் என நான் நினைக்கவில்லை. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016-இல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த விதி பேசுவது டப்பாவில் வரும் வண்ணப்பூச்சைப் பற்றி. உதிரியாக விற்கும் வண்ணப் பொடியைப் பற்றி அது பேசவில்லை. நாங்கள் வாங்குவது அந்தப் பொடியைத்தான்.

இப்போது எங்கள் மஞ்சள், மஞ்சள் கிழங்கிலிருந்து வருகிறது. கடை மஞ்சள் தூள் வாங்குவதில்லை. வங்கதேசத்தில் மஞ்சள் தூளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்று படித்ததிலிருந்து, முழுக் கிழங்காக வாங்கி நாங்களே இடித்துச் சலித்துக்கொள்கிறோம். வெயில் பட்டால் அந்த நிறம் வெளுக்கிறது. கடைக்காரர்கள் குறைப்படுகிறார்கள். வெளுத்தாலும் பரவாயில்லை என்று சொல்லியே விற்கிறேன்.

ஆகவே உங்கள் ஆணை தேவை என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. இந்தியத் தரக் குழுமம் 2019-இல் எடுத்த ஆய்வில் இறக்குமதிப் பொம்மைகளில் 66.9 விழுக்காடு சோதனையில் தேறவில்லை. அதன் பிறகு ஆணை வந்தது, சுங்க வரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகி 2023-இல் 70 ஆனது. 2018–19-இல் 37 கோடியே 10 லட்சம் டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021–22-இல் 11 கோடி டாலராகக் குறைந்தது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கும் கடை அலமாரியில் கொஞ்சம் இடம் கிடைத்தது. இதையெல்லாம் மறுக்க மாட்டேன்.

நான் கேட்பது வேறு. அட்டை இருக்கிறதா என்று பார்த்து விலக்குத் தருவதும், அட்டை இல்லையென்றால் பெரிய ஆலைக்குள்ள அத்தனையும் கேட்பதும் குழந்தையைக் காப்பாற்றாது. எங்கள் மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் அட்டை இருந்தது. அவர் உங்கள் ஆணைப்படி விலக்குப் பெற்றவர். அந்த ஈயத்தோடு அவரே போய் விற்றிருந்தால் ஆணை ஒன்றும் சொல்லியிருக்காது. ஈயம் இருந்தது பொடியில். அதை யார் விற்கிறார் என்பது குழந்தையின் வயிற்றுக்குத் தெரியாது.

சோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் சிறு பட்டறையில் இருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும். பொம்மையின் மேல் இருக்கிற வண்ணத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். வயிற்றில் இருப்பதைப் போன்ற நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடம்புச் சூடான 37 டிகிரியில், ஒரு மணி நேரம் குலுக்கி, இன்னொரு மணி நேரம் அப்படியே விட்டு, அதில் எவ்வளவு கரைந்து வந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். விழுங்கிய பிள்ளையின் வயிற்றில் என்ன நடக்குமோ அதை அப்படியே செய்து பார்க்கும் அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு இயன்றவரை 100 மில்லிகிராமுக்குக் குறையாத சுரண்டல் வேண்டும், அதுவும் நிறத்துக்குத் தனித்தனியாக. எங்கள் அரக்குப் பூச்சு மெல்லிய தோல். சொப்புக் கரண்டி ஒன்றில் என்ன தேறும்? ஒரு நிறத்துக்கு ஒரு கூடை கரண்டி போகிறது. பிறகு குடத்துக்கு ஒன்று, பம்பரத்துக்கு ஒன்று என்று வகை வகையாகக் கேட்டால், அத்தனைக்கும் பூசியது ஒரே நாளில் காய்ச்சிய ஒரே அரக்கு.

கடைசலுக்கு அரக்கு ஏற்றுவதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். அரக்கைச் சூடு காட்டி இளக்கி, வண்ணத்தைச் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, இழுத்து இழுத்து நிறம் சமமானதும் குச்சியாக உருட்டி ஆறவிடுவோம். சுழல்கிற மரத்தின் மேல் அந்தக் குச்சியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். மேலே தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடி மாதிரி மெருகு வரும். தூரிகை கிடையாது, தின்னர் கிடையாது. பொம்மையின் மேல் இருக்கிற வண்ணம் முழுவதும் அந்தக் குச்சியில் இருந்து வந்தது. ஒரு தடவை காய்ச்சினால் நூற்றுக்கணக்கான சாமான்களுக்குப் போதும்.

அதனால் நான் வேண்டுவது: குச்சியைச் சோதியுங்கள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு எண் போடுகிறோம். அதிலிருந்து ஒரு துண்டு ஆய்வுக்குப் போகட்டும். தேறினால், அந்தக் குச்சி ஏறிய குடம், பம்பரம், கிலுகிலுப்பை எல்லாவற்றுக்கும் வண்ணத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு தாளே போதும் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். சுரண்ட வேண்டியதில்லை, கரண்டிகளைக் கூடை கூடையாகப் பலி கொடுக்க வேண்டியதில்லை. ஈயத்தை மட்டும் உடனடியாகப் பார்க்கக் கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவிகள் இருக்கின்றன. அது கரைந்து வருவதை அளக்காது, மொத்தத்தை அளக்கும் என்பது எனக்குத் தெரியும். மொத்தமே 90-க்குக் கீழே இருந்தால் கரைந்து வருவது 90-ஐத் தாண்ட வழியில்லையே. அப்படி ஒரு கருவி தென்காசி மாவட்டத் தொழில் மையத்தில் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் வைத்தால்கூட, செங்கோட்டையும் அம்பாசமுத்திரமும் பொடி பொட்டலத்தைப் பிரிக்கும் முன்னாலேயே போய்க் காட்டிவிட்டு வருவோம். எங்கள் மஞ்சள் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். பொடி விற்கிறவரிடமும் ஒரு தாள் கேளுங்கள். இப்போது எல்லாச் சுமையும் கடைசியாக நிற்கிற எங்கள் தலையில் இருக்கிறது, முதலில் நிற்பவரிடம் ஒரு கேள்வியும் இல்லை.

உருவத்தைப் பற்றிய சோதனைக்கு ஆய்வகம்கூட வேண்டாம் என்று ஒரு அனுபவம் சொல்கிறேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் தொண்டையில் அடைக்கிற அளவுக்குச் சின்னத் துண்டு இருக்கக் கூடாது. அதைப் பார்க்க ஒரு உருளை இருக்கிறது: உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடிப்பக்கம் சாய்வாக, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. அளவைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலையில் தேக்கில் கடைந்து, காலிப்பர் வைத்து அளந்து காட்டினார். பட்டறைத் திண்ணையில் அது இப்போது படிக்கல் மாதிரி நிற்கிறது. பழைய கரண்டி, அகப்பை, சின்ன உலக்கை மூன்றும் அதற்குள் முழுதாக விழுந்தன. கரண்டியையும் அகப்பையையும் பெரிதாக்கினோம், உலக்கையை விட்டேவிட்டோம். சொப்புப் பெட்டியின் மேல் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இல்லை என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டுகிறோம். எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தால் நாங்கள் உங்களை விடக் கறாராகவே செய்வோம். எனக்குக் கிடைத்த விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கல்லூரியில் வணிகவியல் படித்த நானே ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மலையின் இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம். இரண்டிலும் வேண்டும்.

விதி கேட்காத ஒரு பயமும் எனக்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும் என்பதால் பலகையைப் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறப்போட்டு அனுப்புகிறார்கள். நம் எட்டுத் தனிமப் பட்டியலில் போரான் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 19 தனிமப் பட்டியலில் இருக்கிறது. மரத்தின் மேல் அரக்குத் தோல் இருப்பதால் கவலை இல்லையா, பிள்ளை கடித்து அது பெயர்ந்தால் என்ன, எவ்வளவு நேரம் ஊறிய பலகை பொம்மைக்கு ஆகும்? இதையெல்லாம் பார்த்து எங்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். முத்திரைக்காக வருகிறவர் இல்லாமல் தொழிலுக்காக வருகிறவராக அவர் இருந்தால் நல்லது. இப்போதைக்கு, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளின் கிலுகிலுப்பைக்கு மட்டும் ஊறப்போடாத வேம்பைத் தேடி வாங்குகிறேன்.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நுண்தொழில்களுக்குச் சொந்த ஆய்வகம் வேண்டும் என்ற நிபந்தனையைக் காலவரம்போடு தளர்த்தினீர்கள். குறைந்தபட்ச முத்திரைக் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை தந்தீர்கள். ஆனால் எங்களை அழுத்துவது முத்திரைக் கட்டணம் மட்டும் இல்லை. வகை வகையாகச் சோதனை, புது வகை சேர்த்தால் மறுபடி சோதனை, அதற்குப் போகிற மாதிரிச் சாமான்கள், அலைச்சல், வேலை நிற்கிற நாள்கள். எங்கள் தொழில் வருடத்துக்கு வருடம் உருவம் மாறுகிற தொழில். பிள்ளைகள் இப்போது மரத்தில் கேஸ் அடுப்புக் கேட்கிறார்கள். மாமா அழகாகக் கடைந்து கொடுத்தார். இருநூறு பெட்டி விற்கிற ஒன்றுக்கு, லட்சம் பெட்டி விற்கிற ஆலைக்கு ஆகிற அதே சோதனைச் செலவு என்றால், ஒரு பெட்டியின் தலையில் எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கேஸ் அடுப்பு இன்னும் பரணில்தான் இருக்கிறது.

அமெரிக்காவும் இந்த வழியாக வந்ததுதான். 2007-இல் ஈய வண்ணம் பூசிய பொம்மைகளை அங்கே லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2008-இல் கடுமையான சட்டம் போட்டார்கள். வீட்டில் மரப் பொம்மையும் துணிப் பொம்மையும் செய்தவர்கள், சோதனைச் செலவில் நாங்கள் அழிந்துவிடுவோம் என்று முறையிட்டார்கள். 2011 ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அன்றைய கணக்கில் ஆண்டு வருவாய் பத்து லட்சம் டாலருக்கு மேல் போகாதவர், ஒரு வகையில் 7,500-க்கு மேல் செய்யாதவர், சிறு அளவு உற்பத்தியாளர் என்று பதிந்துகொள்ளலாம். அவருக்குச் சில சோதனைகளை வெளி ஆய்வகத்தில் செய்யும் கட்டாயம் இல்லை. வரம்புகளில் ஒன்றையும் தளர்த்தவில்லை. வண்ணத்தில் ஈயம், சின்னத் துண்டு, இந்த இரண்டுக்கும் வெளி ஆய்வகச் சோதனை அவர்களுக்கும் உண்டு. பதப்படுத்தாத மரத்துக்கு ஈயச் சோதனையே வேண்டாம் என்றும் முடிவு செய்திருக்கிறார்கள், மரத்தில் ஈயம் எங்கிருந்து வரும்? ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே கெடுபிடி, இல்லாத இடத்தில் நம்பிக்கை. விற்கிறவர் யார் என்று பார்க்காமல் எவ்வளவு செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார் என்று அவர்கள் பார்த்தார்கள். எங்கள் பட்டறையில் எந்த வகையும் வருடத்துக்கு 2,000-ஐத் தாண்டியதில்லை.

இங்கேயும் அப்படி ஒரு பதிவைக் கொண்டுவாருங்கள். "தயாரித்து விற்கும்" என்ற இடத்தில், பதிவு பெற்ற கைவினைஞர் தயாரித்து, அவரோ, அவரிடமிருந்து வாங்கிய நுண்தொழிலோ, குழுவோ, கடையோ விற்கும் பொருள் என்று எழுதுங்கள். அந்த விலக்குக்கு ஈடாக, குச்சிச் சோதனைத் தாளையும் உருளைச் சோதனையையும் அட்டை உள்ளவர் உட்பட எங்கள் எல்லோர் மேலும் கட்டாயமாக்குங்கள். இதை எதிர்த்து எழுதும் கைவினைக்காரர்களும் இருப்பார்கள். மஞ்சள் தேறாத அந்த நாளுக்குப் பிறகு என்னால் அவர்களோடு சேர்ந்து நிற்க முடியாது. கடைக்காரரிடம் அந்தத் தாளின் நகலும் கைவினைஞரின் அட்டை எண்ணும் இருந்தால் அவர் மேல் 29-ஆம் பிரிவு பாயாது என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி வந்தால், நகலை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ரயிலிலேயே நான் புனலூரில் இறங்குவேன்.

திரும்பி வந்த மூன்று சாக்குகளும் பட்டறையில் ஈரம் படாமல் பலகை மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். எல்லாம் கிழங்கு மஞ்சள் பூசியவை, காய்ச்சல் எண் போட்டவை. அவற்றில் பூசிய குச்சிகளின் மீதித் துண்டுகளையும் நிறவாரியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். எந்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், எத்தனை கிராம் வேண்டும் என்று எழுதுங்கள். அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடைசல் பட்டறைக்காரி,
செங்கோட்டை